காருக்குள் குடிவந்தவை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, எறும்பைக்கூட யாரும் கொல்லக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. போட்டவள் அத்தை. அம்மா அப்போது நாலு மாதக் கர்ப்பம். எனக்குப் பிறகு இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்காமல் போயிருந்ததால், அப்பாவின் அக்காவான அவள் துணைக்கென்று தென்காசியிலிருந்து கரமனைக்கு வந்து எங்களோடு இருந்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்குற வீடு. ஒரு உசுரையும் தொடப்படாது, கேட்டியா?" என்று வந்த அன்றே அப்பாவிடம் சொன்னாள். அம்மா அன்று சாயங்காலமே கரப்பான் பூச்சிக்கு அடிக்கும் மருந்து டப்பாவை அடுக்களை அலமாரியிலிருந்து எடுத்துப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அப்பா சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு விமான நிலையம், முகூர்த்த நாட்களில் கல்யாண வண்டி. எங்கள் தெருவில் கார் நுழையாது என்பதால், முனையில் இருந்த காலி மனையில் ஒரு பலா மரத்தடியில் நிறுத்துவார். அந்த வருஷம் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்தது. பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூளுக்கு எறும்பு வந்தது. ஈரமான கால்மிதிக்கடியில் கரப்பான் வந்தது. அவற்றைத் தின்பதற்குச் சிலந்தி வந்தது.

ஒரு நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பை மெதுவாக இறக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. வயிற்றுக்கடியில் சின்ன அப்பளம் போல வெள்ளையாக ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"முட்டை. பெறுற வரைக்கும் இருந்துட்டுப் போட்டும்" என்று சொல்லி மறைப்பைத் திரும்ப மூடிவிட்டார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கும் இருந்தது.

ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றில், மணப்பெண்ணை மண்டபத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப்போன வழியில் அந்த முட்டை பொரிந்தது. தம்பானூர் சிக்னலில் நிற்கும்போது மேல்கூரையிலிருந்து நூல் நூலாக இறங்கி, கடுகு கடுகாக நூற்றுக்கணக்கில் குட்டிகள் மணப்பெண்ணின் முல்லைப்பூவில் ஏறியிருக்கின்றன. "எட்டுகாலி! எட்டுகாலி!" என்று மலையாளத்தில் அலறிக்கொண்டு அவள் நடுரோட்டில் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். மாப்பிள்ளையின் மாமா வேறு வண்டியை நிறுத்தி மணமக்களை ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் அப்பா வந்தபோது காரின் முன்னால் கட்டியிருந்த பூவும் ரிப்பனும் அப்படியே இருந்தன. அவற்றை அவிழ்க்கவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று தொடங்கியது அந்த யுத்தம். கொல்லாமல் விரட்ட வேண்டும் என்பதுதான் கஷ்டம். அத்தை சொன்னபடி கற்பூரம் வைத்தார். நாரத்தை இலையைக் கசக்கி இருக்கைக்கடியில் திணித்தார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே சாம்பிராணிப் புகை போட்டார். புகையில் எல்லாம் வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். புகை அடங்கியதும் வரிசையாகத் திரும்ப உள்ளே போகும். இருக்கைகளைக் கழற்றி வெயிலில் போட்டார். ஒவ்வொன்றாக டம்ளரில் பிடித்துக்கொண்டுபோய் ஆற்றங்கரைப் புதரில் விட்டு வந்தார். நானும் கூடப் போவேன். மறுநாள் ஏசி போட்டால் அதன் வாய்க்குள்ளிருந்து இன்னும் நாலு குட்டிகள் மிதந்து வரும்.

வண்டி கழுவும் இடத்தில் மருந்தடித்தால் பத்து நிமிஷ வேலை என்றார்களாம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு சும்மா திரும்பி வந்துவிட்டார்.

கல்யாணக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். சவாரி தரும் டிராவல்ஸ்காரர் கூப்பிடுவதை நிறுத்தினார். ஒரு பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து கரப்பான் வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வேறு வண்டிக்குப் போனார்கள். கடைசியில் நான் ஒருத்திதான் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போனேன். என் பக்கத்துக் காலி இருக்கைகளை அப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

ஒரு சனிக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பலா மரத்தடியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அருகில் போனேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் அம்மாவுக்காகக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பின்கட்டிலிருந்து மருந்து டப்பாவையும் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியையும் எடுத்துக்கொண்டு போனேன். மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு, காலடி, இருக்கை இடுக்கு, ஏசியின் வாய் என்று டப்பா தீரும்வரை அடித்தேன். கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கால்களை மடக்கிக்கொண்டு விழுந்தன. வெயில் மறைப்பின் பின்னாலிருந்து அந்தப் பெரியது கடைசியாக வந்தது. கொஞ்ச தூரம் நடந்து, நின்று, மல்லாந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது.

அப்பா வந்து கதவைத் திறந்தார். வாடை அவர் முகத்தில் அடித்தது. உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப்போய் முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

"வீட்டுல சொல்லாத மக்களே" என்றார். அவ்வளவுதான்.

செத்ததையெல்லாம் கூட்டி, காரைத் திறந்தே போட்டார். காலி டப்பாவை நான் பின்கட்டில் பழைய இடத்திலேயே கொண்டு வைத்தேன். அந்த வாரம் இரண்டு சவாரி கிடைத்தது. நான்தான் காரணம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையின் துடிப்பு நின்று பத்துப் பதினைந்து நாளாவது ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா வெறும் கையோடு வீட்டுக்கு வந்து படுத்தாள். துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போன அத்தை, ஒரு கையில் காலி டப்பாவோடு உள்ளே வந்தாள்.

"தீர்ந்து கிடக்கு. ஆரு அடிச்சது இத?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். வாயைத் திறக்கத்தான் போனேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்க்கா. கார்ல அடிச்சேன்."

"அடப்பாவி" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா படுத்தபடியே தலையைத் தூக்கி, "நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார். அம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு அப்பா வெகுநேரம் நின்றார்.

அத்தை மறுவாரமே ஊருக்குப் போய்விட்டாள். அப்பா பரிமாறினால் அம்மா சாப்பிடமாட்டாள். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாகிட்ட கேளு" என்று வீட்டுக்குள் நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்தின் காரணம் அப்போது எனக்குத் தெரியவில்லை. மருந்து டப்பாவைத் தொட்டதற்கு அடி விழாமல் அப்பா காப்பாற்றிவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தை காலி டப்பாவோடு வந்து நின்ற அன்று மத்தியானம் நான் நிம்மதியாக விளையாடப் போனேன்.