மன்னாரு பெரியவரா, வீராசாமி பெரியவரா?

தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் தெருக் குழாய் ஒரு தடவை இருமும், பிறகு வெறும் காற்றாகச் சீறும், அப்புறம் துருவாடையோடு இரண்டு கை செந்தண்ணீரைத் துப்பிவிட்டுத்தான் நல்ல தண்ணீரை விடும். துறைமுகத்துக் கரித்தூசி காற்றில் வந்து, துவைத்துக் காயப்போட்ட துணியில் படிகிற தூரத்தில் இருந்தது ராயபுரத்தில் எங்கள் தெரு. அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரே குழாய், அதிலும் விடியற்காலையில் ஒரு மணி நேரம். குத்துச்சண்டையைப் பற்றி ஆண்கள் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பேசினார்கள், ஒரு முடிவுக்கும் வரவில்லை. முடிவெடுத்தவர்கள் குழாயடியில் நின்ற பெண்கள், ஏனென்றால் முடிவு அவர்களுக்குத்தான் தேவைப்பட்டது.

என் நைனா வீராசாமி வாரத்தில் ஆறு நாள் கப்பலிலிருந்து கரி இறக்குகிற கூலி, ஏழாவது நாள் ஹெவிவெயிட் சாம்பியன். அந்த இங்கிலீஷ் சொல்லை எங்கள் தெருவில் "எவிவெய்ட்டு" என்பார்கள், பால்குடிக் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் அதற்கும் அதே பட்டம் கொடுப்பார்கள். பெரம்பூர் ரயில்வே பட்டறையிலிருந்து வந்த ஆள், கோட்டையிலிருந்து வந்த சிப்பாய், கப்பலில் அடுப்பெரிக்கிற ஒரு வெள்ளைக்காரன் என்று எல்லாரும் நைனாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்கள்தான். சண்டைக்கு முன்னால் ஒட்டுகிற நோட்டீஸில் "முதுகில் மண் ஒட்டாத வீராசாமி" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். மூன்றாம் வகுப்புவரை படித்திருந்த நான், எழுத்துக்கூட்டத் தெரியாத பெண்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டுவேன், கேட்காதவர்களுக்கும் படித்துக் காட்டுவேன். பத்து வயதில் எனக்கு இருந்த கர்வத்தை இன்றைக்கு நினைத்தாலும் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று தோன்றுகிறது.

நைனாவுக்கு முந்தின சாம்பியன் மன்னாரு. கையுறை, மணி, ரவுண்டு எதுவும் இல்லாத காலத்தில் வெறுங்கையோடு, ஒருத்தன் விழுகிறவரை சண்டை போட்டவர். தண்ணீர் வந்தால் தெருவே குடுமிப்பிடி சண்டையில் இறங்குகிறது என்று அவர்தான் வந்து பெண்களை வரிசையில் நிறுத்தினாராம். அந்த மரியாதைக்காக முதல் குடம் சாம்பியன் வீட்டுக் குடம் என்று வழக்கமாகிவிட்டது. மன்னாரு இறந்து இரண்டு வருஷமாகியும் அவருடைய மனைவி தாயம்மாவின் பித்தளைக் குடம்தான் முதலில் நின்றது. நைனா பெரம்பூர்க்காரனை மூன்றாவது ரவுண்டிலேயே சாய்த்த பிறகு, அந்தக் கோடை முழுவதும் ஒரே கேள்விதான்: இதுவரைக்கும் வந்த சாம்பியன்களில் மன்னாரு பெரியவரா, வீராசாமி பெரியவரா?

சும்மா வாய்ச்சண்டை என்று நினைக்காதீர்கள். அவர்கள் வாதம் பண்ணிய அழகை ஹைகோர்ட்டில்கூடக் கேட்க முடியாது. "கைல மெத்தய கட்டிகினு அட்ச்சா எவனுக்கு வலிக்கும்? மன்னாரு அட்ச்சது எலும்புல எலும்பு" என்று ஒருத்தி சொன்னால், "மன்னாரு யார அட்ச்சாரு? கஞ்சி குடிக்கற நம்ப ஆளுங்கள. வீராசாமி அட்ச்சது கறி துன்ற வெள்ளக்காரன" என்று அடுத்தவள் மடக்குவாள். மன்னாரு விழுந்திருக்கிறார், எழுந்து வந்து ஜெயித்திருக்கிறார், அதுதான் பெருமை என்று ஒரு கட்சி. விழவே விழாதவன்தான் பெரியவன் என்று எதிர்க்கட்சி. கடைசியில் நின்றது இந்த ஒன்றுதான்: வீராசாமியை இதுவரை யாரும் கீழே தள்ளியதில்லை. ஒரு திங்கட்கிழமை விடியலில், எட்டுப் பத்துப் பெண்கள் ஒரே குரலாகச் சொல்ல, என் அம்மா கன்னியம்மா எங்கள் குடத்தைக் கொண்டுபோய் முதலில் வைத்தாள். தாயம்மா தன் குடத்தை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். குழாய் மேடையில் ஏறி நின்று, தாயம்மாவின் முகத்துக்கு நேராக, "உங்க வூட்டுக்காரரு எங்க நைனா எதிர்ல ஒரு ரவுண்டுகூட நிக்க மாட்டாரு" என்று கத்தினேன். பெண்கள் சிரித்தார்கள். தாயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆமா கண்ணு, உங்க நைனா கெட்டிக்காரரு" என்றாள். அதை நான் தோல்வியின் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், நான் கத்தியதையும் சேர்த்து. பழைய சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார். "அந்தம்மா இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டார். சொன்னேன். எழுந்து கையைக் கழுவிவிட்டு, பசியோடு கரி இறக்கப் போனார். சோற்றை மிச்சம் வைத்து நைனா எழுந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் விடியலில் நைனா குழாயடிக்கு வந்தார். ஆண்கள் அங்கே வருவதில்லை. வரிசையில் நின்ற பெண்கள் அவசரமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டார்கள். எங்கள் குடத்தைத் தூக்கிக் கீழே வைத்தார், தாயம்மாவின் குடத்தை எடுத்துக் குழாய்க்கு நேராக வைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"என் முதுவுல மண்ணு ஒட்னதில்லன்னு சொல்லிகினு கீறீங்களே, ஒட்டிகீது. பத்தொம்போது வயசுல திமிரெட்த்துப்போயி மன்னாரு அண்ணன வம்புக்கு இஸ்த்தேன். கரிக்கெடங்கு பின்னால, ஒரு ஞாயித்துக்கெயம. வெலாவுல ஒரே குத்து. அவ்ளோதான். முழிச்சு பாத்தா அவரு தோள் மேல கீறன். அன்னிலேந்து இன்னிவரிக்கும் நான்தான் வாய தொறக்கல."

குழாய் சீறி, தண்ணீர் வந்து, தாயம்மாவின் குடம் நிறைந்து வழிந்தும் யாரும் அசையவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள். "யோவ், உன்ன யாருய்யா கேட்டா?" என்றாள். அவளுடைய ஒரு நாள் பெருமையை அவளுடைய புருஷனே பறித்துவிட்டான், வேறென்ன கேட்பாள்?

எனக்கு வந்தது ஆத்திரம். நைனா விழுந்தார் என்பதைவிட, விழுந்ததை இத்தனை பேர் எதிரில் சொன்னாரே என்கிற ஆத்திரம். அன்று சாயங்காலம் தாயம்மாவின் வீட்டுக்குப் போய், சண்டைக்கு வந்தவள் மாதிரி வாசலில் நின்று, நைனா சொன்னது நிஜமா என்று கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசந்தான் கண்ணு. இந்த வூட்லதான் கொண்ணாந்து போட்டாரு. மூணு நாளு ஒத்தடம் குட்த்தவளே நாந்தான்."

"அப்ப ஏன் அத்த நேத்து சொல்லல?"

"வளர்ற புள்ள, இது வெளில தெரிஞ்சா எவனும் அவன மேடையேத்த மாட்டான், மூச்சு வுடாதன்னாரு எங்க வூட்டுக்காரரு. அவரு பூட்டாரு. அதுக்கோசரம் நான் சொல்லிட முடியுமா?"

நான் மேடையேறிக் கத்தியபோது அவளுடைய வாயில் அந்தப் பதில் தயாராக இருந்தது. ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், என் வாயும் தெருவின் வாயும் அடைபட்டிருக்கும், குடம் நகர்ந்திருக்காது. அதை விழுங்கிவிட்டு என் நைனாவைக் கெட்டிக்காரர் என்றாள். அவளுடைய முறத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அரிசி எல்லாம் கொட்டிவிட்டது. அதற்கு மட்டும் திட்டினாள்.

அம்மா மூன்று நாள் நைனாவோடு பேசவில்லை, நாலாவது நாள் மீன் குழம்பு வைத்து, முள்ளில்லாத துண்டை அவர் தட்டில் போட்டாள். அடுத்த நோட்டீஸில் "முதுகில் மண் ஒட்டாத" என்ற வரி இல்லை, நைனாவே அச்சாபீஸுக்குப் போய் எடுக்கச் சொல்லிவிட்டார். அந்தச் சண்டையிலும் ஜெயித்தார், அதற்குப் பிறகும் ஜெயித்தார். விழுந்தவன் என்று தெரிந்ததால் ஆள் கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது நைனா சண்டை போட்ட மைதானத்தில் கப்பல் பெட்டிகளை நாலு அடுக்கு ஐந்து அடுக்காக ஏற்றி வைத்திருக்கிறார்கள். கரிக்கிடங்கு எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலேயே திட்டமாகக் காட்ட முடியவில்லை. மன்னாருவுக்காகவும் வீராசாமிக்காகவும் மல்லுக்கு நின்ற பெண்களில் ஒருத்திகூட இன்று உயிரோடில்லை, மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். என் பேரன்கள் டெலிவிஷனில் அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர்களைப் பார்த்துவிட்டு, உலகத்திலேயே பெரியவர் யார் என்று வீடு இரண்டுபடப் பேசுகிறார்கள். பேச்சு முற்றினால் தீர்ப்புக்கு என்னிடம்தான் வருவார்கள், எந்த வெள்ளைக்காரப் பெயரையும் நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தே வருவார்கள்.

மூன்றாவது என் நைனா வீராசாமி, அவரே தன்னைக் கீழே இறக்கிக்கொண்டார், நான் ஏற்றினால் கோபித்துக்கொள்வார். இரண்டாவது மன்னாரு. முதலாவது தாயம்மா. அவள் ஒரு நாளும் மேடை ஏறவில்லையே என்று பேரன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவள் வாங்கிய குத்து என் வாயிலிருந்து போனது, அவள் எப்படி நின்றாள் என்று பார்த்தவள் நான். இந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.