சுண்டுவிரல் பிடி

பொய் சொன்னது என் வீட்டுக்காரர். விரல் வீங்கியது எனக்கு.

எண்பதுகளில் ஓசூரில் புதிது புதிதாக ஃபேக்டரிகள் வந்துகொண்டிருந்தன. மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், அதில் ஒன்றில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். இன்டர்வியூவில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்டிருக்கிறார் மேனேஜர். தாயக்கரம் உருட்டுவது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மேசைமேல் கோல்ஃப் ஆடுகிறவன் படம் போட்ட காலண்டர் இருந்ததாம். "கோல்ஃப் சார்" என்று அளந்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து, வேலை நிரந்தரமாக வேண்டிய நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வா, ஆடலாம். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வா" என்றாராம்.

இவர் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "பொய்யின்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருவாரு புள்ள. அப்புறம் அண்ணங்கிட்டப் போயி தக்காளிக் கூடை தூக்க வேண்டியதுதான்."

தோட்டத்தில் தக்காளி போடும் அந்த அண்ணன், "வெள்ளச் சட்ட எத்தன நாளைக்குன்னு பாக்கறேன்" என்று ஊர் முழுக்கச் சொன்னவர். அவர் சொன்னது பலிக்க விடுவேனா?

பழைய பேப்பர் கடையில் கோல்ஃப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. மட்டைக்கு எங்கே போவது? குடையைத் தலைகீழாகப் பிடித்தால் வளைந்த கைப்பிடி கீழே வந்து, மட்டை மாதிரியே இருந்தது. பந்துக்குத் தக்காளி. அவர் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டுமே! மண்வெட்டி பிடித்த பரம்பரை இல்லையா, கையை அகல வைத்து இறுக்கி ஓங்கினார். வாசலில் பள்ளம் விழுந்தது, தக்காளி அப்படியே இருந்தது. அடுத்த தடவை தளர்த்தினார். குடை பறந்து பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்தது.

"புக்குல என்னதான் போட்டிருக்குதுங்க?" என்றேன்.

"வலது கை சுண்டுவிரல இடது கை ஆள்காட்டி விரலோட கோக்கணுமாம். ரொம்ப இறுக்கவும் கூடாதாம், விடவும் கூடாதாம். எவ்வளவுன்னு போடலையே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணத்தன்னிக்கு என் சுண்டுவிரலக் கோத்துக்கிட்டு மணவறையச் சுத்துனீங்களே, அந்தப் பிடி மட்டும் வேண்டாம். நான் என்ன ஓடியா போயிருவேன்? பந்தியில சோறு பெசைய முடியல எனக்கு."

விரலை நீட்டினேன். கோத்தார். "வலிக்குதுங்க." தளர்த்தினார். "இப்ப வழுக்குது." மறுபடி இறுக்கினார். "ஆ! ... ம், இப்படியே."

ஒரு வாரம் வாசலில் இதே கூத்து. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்மா, கல்யாணமாகி ஏழு வருசமாச்சு, இன்னுமா சுத்தி முடிக்கல?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி கிரவுண்டில் மேனேஜர் முதலில் அடித்தார். பந்து கேன்டீன் கூரைக்குப் போனது. "எனக்கு எப்பவுமே இப்படித்தான் கோணிக்கிட்டுப் போகுது" என்று அலுத்துக்கொண்டு மட்டையைக் கொடுத்தார். இவர் பிடித்தார். மேனேஜர் அசந்துவிட்டார்.

"அடடா, என்ன பிடி! எந்த கிளப்புல கத்துக்கிட்டே?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மட்டையைக் கீழே வைத்தார். "சார், நான் ஆடுனதே இல்லீங்க. பொய் சொல்லிட்டனுங்க. இந்தப் பிடி என் சம்சாரம் சொல்லிக் குடுத்துச்சுங்க."

எனக்குக் கண்முன்னே தக்காளிக் கூடைகள் வரிசையாக வந்து நின்றன. மேனேஜர் கேன்டீன் கூரையில் கிடந்த தன் பந்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்பவாவது உண்மையச் சொன்னியே. பர்மனன்ட் ஆர்டரை நாளைக்கு வாங்கிக்கோ. இனிமே எங்கிட்டப் பொய் சொல்லாதே" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அது என்னம்மா பிடி?" என்றார்.

உயிர் வந்தது. கல்யாணத்தில் பிடித்த விரலில் தொடங்கி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த தன் மனைவியிடம் போய் அவர் சுண்டுவிரலைக் கோத்தார்.

"எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றார் அந்த அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருபத்திரண்டு வருசமா வலிக்குது. இன்னிக்குத்தான் கேக்கறீங்க."

அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் பந்தைத் தொடவில்லை.