சீலை அலுமாரிக்குள் ஒரு ராசாத்தி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்தில் பிழை இருக்கும், முன்னுக்குப் பின் மாறியும் வரும். மறதியும் கூடிவிட்டது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அறைக்குள் போய் நிற்கிற அளவு. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் வீடு ஜெர்மனியில், எசன் நகரத்தில், மூன்றாம் மாடியில். பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். நானும் அவரும்தான். அவர் நாற்பது வருடம் சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் நின்றவர். பென்ஷன் எடுத்த பிறகாவது பக்கத்தில் இருந்து என்னோடு நாலு வார்த்தை கதைப்பார் என்று நினைத்திருந்தேன்.

ஓர் ஆடி மாதப் பின்னேரம், நல்ல வெக்கை. பஸ் தரிப்பிடத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"இஞ்சாரும், ராசாத்தியைக் கொண்டு வந்திருக்கிறன்."

கையில் என்னுடைய குளிசைப் பெட்டி, கிழமைக்கு ஏழு நாளுக்கும் ஏழு அறை வைத்தது. நான் அவரிடம் கொடுத்துவிட்டது மருந்துக் கடையில் நிரப்பிக்கொண்டு வரத்தான். திறந்து பார்த்தால் வியாழக்கிழமை அறைக்குள் ஒரு பெரிய கறுத்த எறும்பு.

"குளிசையெல்லாம் எங்கை?"

"கால்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை கிடக்கு."

"எல்லாம் ஒண்டாய்க் கலந்தோ?"

"நிறத்தைப் பார்த்து எடுமப்பா. இவள் றோட்டிலை மிதிபடப் பார்த்தாள்."

அது ராணி எறும்பாம். பறந்துபோய்க் கலியாணம் முடித்துவிட்டு, தன் செட்டையைத் தானே கழற்றி எறிந்துவிட்டு, கூடு வைக்க இடம் தேடித் திரிகிறதாம். இந்த ஒன்றிலிருந்தே ஒரு குடும்பம் முழுக்க வரும் என்றார். டுசல்டோர்ஃபில் இருக்கும் மூத்த மகளுக்கு உடனே போன் எடுத்தார். மகள் இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்லச் சொல்ல, மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றின் அடியில் தண்ணீர் விட்டு, அதைப் பஞ்சால் அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் அடைத்தார். எங்கள் கலியாண நாளுக்கு எனக்கு என்ன வாங்கித் தருவது என்று அதே மகளிடம் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

வெளிச்சம் படக்கூடாது, அதிரவும் கூடாதாம். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு என் சீலை அலுமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தார்.

"ஏன் என்ரை அலுமாரி?"

"இந்த வீட்டிலை ஆரும் திறக்காத இடம் அதுதானே."

அவர் குத்திச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். நான் சீலை உடுத்து எங்கே போகிறேன்?

கிழமைக்கு ஒருமுறை பார்க்கலாம் என்று மகள் சொல்லியிருந்தாள். அவர் நாளுக்கு ஒருமுறை பார்த்தார். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, "முட்டை வைச்சிட்டாள். ஓமோம், எட்டு, ஒன்பது. கெட்டிக்காரி" என்பார். எனக்கு நாலு பிள்ளைகள். கெட்டிக்காரி என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் மேல்மாடி அக்கா வந்தா. அவவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"அக்கா, இவளுக்கு மூண்டு கிழமையா ஒரு வாய் சாப்பாடு இல்லை. முதல் பிள்ளையள் வளர்ந்து வெளிக்கிடுமட்டும் ஒண்டும் தின்னமாட்டாள். உடம்பிலை இருக்கிறதைக் கரைச்சே பிள்ளையளுக்குக் குடுப்பாள். தனிய, ஒரு துணை இல்லை."

"அவளல்லோ தாய்," என்றா அக்கா. "நாங்களெல்லாம் பெத்துப்போட்டு ஒரு மாசம் படுத்துக் கிடந்து சரக்குக் கறி திண்டனாங்கள்."

நான் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் எழும்பிப் போனேன்.

ஜெர்மனிக்கு வந்த முதல் மாரிக் குளிரில்தான் என் மூத்தவள் பிறந்தாள். அகதிகள் இருக்கிற ஹைமில் எனக்கு ஓர் அறை. அவர் வேறு ஊரில் கோப்பை கழுவினார், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வருவார். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் உள்ளியும் மஞ்சளும் கொத்தமல்லியும் அரைத்துச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுப்பார்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்தது குளிர்ந்த பாணும் சீஸ் துண்டும். ஹைமுக்கு வந்த பிறகும் பாண்தான். தனியாகக் கிடந்துதான் பாலும் கொடுத்தேன். அதைப் பார்க்கச் சொல்லி ஒருவரையும் யாரும் கூட்டிவரவில்லை.

அடுத்த கிழமை அவருடைய தமையனின் அந்தியேட்டி, செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை, பாரிசில். எனக்கு முழங்கால் ஏலாது என்று நான் நின்றுவிட்டேன். போகும்போது என்னைக் கவனமாய் இரும் என்று சொல்லவில்லை. "அலுமாரியைத் திறவாதையும்," என்றார்.

முதல் நாள் திறக்கவில்லை. இரண்டாம் நாள் திறந்தேன். முட்டைகளோடு அரிசிக் குறுணல் போலச் சின்னப் புழுக்களும் இருந்தன. அவள் அவற்றின் மேல் தலையை வைத்து அசையாமல் நின்றாள். குழாயை எடுத்துக் குப்பைக்குள் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாவம் என்று விட்டுவிட்டேன். பிறகு வந்த யோசனை அதைவிட மோசமானது. சாப்பிடாமல் இருக்கிறாள் என்பதுதானே அவளுடைய பெருமை? சாப்பிட்டுவிட்டாள் என்றால் அவளும் என்னைப் போல ஒருத்திதானே?

குசினிக்குப் போய்ச் சரக்குத் தூளைப் போட்டுக் கறி காய்ச்சினேன். முறைப்படி, உள்ளி தட்டிப் போட்டு. அந்தக் கறித் தண்ணீரில் ஒரு சோற்றுப் பருக்கையைத் தோய்த்து, பஞ்சை இழுத்து, பல்லுக்குத்தும் குச்சியால் உள்ளே தள்ளினேன். எறும்பை விரட்டத்தானே மூலைக்கு மூலை மஞ்சள் தூவுகிறோம் என்பது எனக்கு அப்போது நினைவில் வரவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது என்றால் என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அவள் தொடவில்லை. விழுந்தடித்துத் தண்ணீர்ப் பக்கத்து மூலைக்கு ஓடினாள். அடுத்த நாள் காலையில் பார்த்தேன், முட்டைகள் பாதிதான் இருந்தன. மத்தியானம் நாலு. புழு ஒன்றும் இல்லை. பயந்துபோய்ப் பருக்கையை வெளியே எடுத்தேன். மஞ்சள் கறை பஞ்சில் ஊறிவிட்டது.

அவர் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, நேரே அலுமாரிக்குப் போனார். "பயத்திலை முட்டையைத் திண்டிட்டாள்" என்று சொல்லிக் கட்டிலில் இருந்தார். குழாயை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பஞ்சை மணந்து பார்த்தார். குசினிக்காரன் மூக்கல்லவா?

"மிளகு. உள்ளி. என்ன குடுத்தனீர்?"

"சரக்குக் கறித் தண்ணி."

"ஏன்?"

எனக்குக் கதைக்க வராது. அன்றைக்கு மட்டும் வந்தது. "பெத்தவளுக்கு நான் குடுத்தன். எனக்கு ஆர் தந்தது?"

அவர் என்னையே பார்த்தார். இவ்வளவு நேரம் என்னைப் பார்த்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன்.

"நான் தந்தனான்," என்றார்.

"எப்ப?"

"ஹைமிலை. அம்மா பார்சலிலை அனுப்பின தூள். கடைக் குசினியிலை முதலாளி இல்லாத நேரமாய்ப் பார்த்துக் காய்ச்சி, ஊறுகாய்ப் போத்தலிலை விட்டு, துவாயாலை சுத்தி, ரயிலிலை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனான். நீர் உறைக்குது எண்டு அரைவாசி வைச்சனீர். மிச்சத்தைப் பக்கத்து அறை அக்கா குடிச்சவ."

எனக்கு அப்படி ஒரு போத்தலே நினைவில்லை. துவாயும் இல்லை. பாண்தான் நினைவிருக்கிறது. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, ஆனால் அவருக்கும் வயது எழுபத்தாறு. அவர் சொன்னது உண்மை என்றால் இத்தனை வருடம் நான் நெஞ்சில் வைத்திருந்த கோபம் வெறும் கோது. அதைவிட, மிச்சத்தைக் குடித்த அந்த அக்காமேல் அன்றிலிருந்து புதிதாய் ஓர் எரிச்சல்.

ராணி சாகவில்லை. அவர் புதுக் குழாய்க்கு மாற்றினார். திரும்ப முட்டை வைத்தாள். குளிர் தொடங்குவதற்குச் சற்று முன் முதல் பிள்ளைகள் வந்தன, ஏழெட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னன். வந்ததும் வராததுமாய்த் தாய்க்கு வாயோடு வாய் வைத்துச் சாப்பாடு தீத்தின. அவர் கூப்பிட்டுக் காட்டினார், போய்ப் பார்த்தேன். என் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் போன் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது எறும்புகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவர் அவற்றோடு கதைக்கும்போது நான் குசினியில் சட்டியைக் கொஞ்சம் பலமாக வைப்பேன். அது மாறவில்லை.

எறும்புக் கணக்கில் பிழை இருந்தால் மகளிடம் கேட்டுத் திருத்துங்கள். ஆனால் அந்தப் போத்தல் விஷயம் மகளுக்குத் தெரியாது, அவள் அப்போது கைக்குழந்தை. அந்த ஹைமில் எனக்குப் பக்கத்து அறையில் இருந்த அக்கா இப்போது எங்கே என்று தெரியவில்லை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆள், இரண்டு பெடியன்கள். தெரிந்தவர்கள் விசாரித்துப் பாருங்கோ. துவாயில் சுற்றின போத்தல் ஒன்று வந்ததா, வந்தது என்றால் நான் உண்மையிலே அரைவாசி குடித்தேனா என்று. வந்தது என்று அவ சொன்னால் அவருக்கு முதலில் சொல்லிவிடாதேயுங்கோ. எனக்குச் சொல்லுங்கோ.