ஆன்டெனாவைப் பிடித்த கை

என் மாமா டிவிக்காக எழுதிய நாடகங்கள் எத்தனை என்று கேட்டால் மாமாவாலேயே சொல்ல முடியாது. எழுதுவது, தயாரிப்பது, இயக்குவது மூன்றும் அவரேதான். ஆள் வராத நாளில் செத்துப்போன தாத்தாவாகப் படுத்து நடித்தும் இருக்கிறார். "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா அடுத்த நாடகத்தை எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருடைய முதல் நாடகம் வந்தபோது எனக்கு எட்டு வயது. கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள், அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். மாமா இவர்கள் இருவருக்கும் ஒரே தம்பி. பெரியப்பாவுக்கு பாகூரில் உரக்கடை இருந்ததால் டிவி அவர் வீட்டில் இருந்தது. ஆனால் அது ஓட்டு வீடு. அதனால் ஆன்டெனாக் கம்பம் எங்கள் வீட்டு மாடியில் நின்றது. ஒற்றுமையாக இருந்த காலத்தில் செய்த ஏற்பாடு அது.

ஒற்றுமை ஒரு மீன் குழம்பில் போயிற்று. விருந்தாளிகள் முன்னால் பெரியம்மா, "இவ கொழம்புல உப்பு இருக்கும், கொழம்புதான் இருக்காது" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். அதற்குப்பிறகு அவர்களுக்கு நடுவில் பேச்சென்றால் அது நான்தான். இருவரும் கிணற்றடியில் எதிரெதிரே நிற்பார்கள். "மழை வருது, கொடில துணி காயுதுன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா. "காது கேக்குதுன்னு சொல்லு" என்பாள் பெரியம்மா. நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்வேன். எனக்கு அது பெரிய உத்தியோகமாக இருந்தது.

இந்த நிலைமையில்தான் மாமாவின் நாடகம் வந்தது. தயாரிப்பாளர் என்றால் என்னவென்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவிடம் ஒரு பட்டுப்புடவை, பெரியம்மாவிடம் ஒரு பட்டுப்புடவை என்று மாமா மெட்ராஸுக்கு வாங்கிக்கொண்டு போயிருந்தார். அம்மாவுடையது மயில் கழுத்து நிறம், அவள் கல்யாணத்துக்கு எடுத்தது. அதைத்தான் கதாநாயகி கட்டியிருக்கிறாளாம். அந்தக் காலத்தில் நாடகம் ஒருமுறை போனால் போனதுதான். தம்பியின் முதல் நாடகத்தையும் தன் புடவையையும் பார்க்காமல் விடுவதா, சொன்ன சொல்லை விழுங்குவதா என்று அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் மட்டும், "டிவி பாத்தாதான் சோறு எறங்குமா?" என்பாள்.

நாடகம் வருகிற அன்றைக்கு மாமா காலையிலேயே வந்து இறங்கினார். மத்தியானம் நான் மாடிக்குப் போனபோது ஸ்பேனரோடு கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா பண்ற?"

"படம் தெளிவா வரணும்ல? டைட் பண்றன்." பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார். "என் நாடகம் முடியிற வரைக்கும் நீ உக்காந்த எடத்த வுட்டு எழுந்திருக்கக் கூடாது. யார் இன்னா வேல சொன்னாலும் சரி. புரியுதா?"

தலையாட்டினேன். தன் நாடகத்தைப் பற்றி எவ்வளவு கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைத்ததும் பெரியம்மா வீட்டில் தெருவே கூடிவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் கரும்பு லாரியோடு போயிருந்தார்கள். அம்மா மட்டும், காய்ந்த மிளகாய் அள்ள வேண்டும் என்று மாடிக்குப் போனாள். இருட்டில் என்ன மிளகாய்! ஓட்டுக்கு மேலே வசனமாவது காதில் விழும் என்றுதான் போனாள், பாவம்.

மாமாவின் பெயர் திரையில் வந்தது. எல்லோரும் கை தட்டினோம். அடுத்த நிமிஷம் படம் நெளிந்து, வெறும் புள்ளியாகப் போய்விட்டது. ஐயையோ என்று ஒரே சத்தம்.

"ஓடுடி, கம்பத்த திருப்பச் சொல்லி உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள் பெரியம்மா. நான் அசையவில்லை. இரண்டு முறை சொன்னாள், தலையில் ஒரு குட்டு வைத்தாள், அப்போதும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் தானே முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்து, "கம்பத்த யாராவது திருப்புனா தேவல" என்றாள்.

"திருப்பிக்கினுதான் இருக்காங்க. கைய எடுத்தா தானா சுத்துது" என்று வானத்திலிருந்து பதில் வந்தது.

படம் திரும்பி வந்தது. கதாநாயகி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பெரியம்மா தன்னை மறந்து கத்தினாள். "ஏய், உன் பொடவடி! உன் பொடவ வந்துட்டுதுடி!"

"நெசமாவா? முந்தானை தெரியுதாக்கா?"

அவ்வளவுதான். அதற்குப்பிறகு பெரியம்மா உள்ளே எட்டிப் பார்ப்பதும் முற்றத்துக்கு ஓடிக் கதை சொல்வதுமாக இருந்தாள். மேலேயிருந்து, "அப்புறம் இன்னாக்கா ஆச்சி?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பாதி நாடகத்தில் பெரியம்மா திடீரென்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறினாள். "நீ போய்ப் பாருடி. நான் புடிச்சிக்கிறன்."

அம்மா ஓடி வந்தாள். வாசற்படியைத் தாண்டியது அவளுக்கே தெரியவில்லை. என் பக்கத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்து, கறுப்பு வெள்ளையில் தன் மயில் கழுத்துப் புடவையைக் கண் கலங்கப் பார்த்தாள். பிறகு மாடியை நோக்கி, "அக்கா, இந்தப் பொண்ணுக்குக் கொசுவமே வைக்கத் தெரியல!" என்று கத்தினாள். மேலேயிருந்து பெரியம்மா சிரித்தது ஓட்டைத் தாண்டிக் கேட்டது.

மாமா மட்டும் நாடகத்தைப் பார்க்கவேயில்லை. டிவிக்கு முதுகைக் காட்டி, நடைவாசலில் உட்கார்ந்து, முற்றத்தையும் மாடிப்படியையுமே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தன் நாடகம் தனக்கே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதெல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது.