காலியென்று எழுதப்பட்ட அலைவரிசை

தோசாக் கரையின் அந்தத் துறைமுகத்தில் முப்பத்தெட்டுப் படகுகளுக்கும் ஷிகேயோவின் குரல்தான் கடிகாரம். மீனவர் சங்கத்தின் மாடியில் இருக்கும் வானொலி அறையில் அவள் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறாள். கோணிச் சாக்கைத் தரையில் இழுத்தது போலக் கரகரத்த குரல். இனிமை கிடையாது. ஆனால் அலை படகின்மேல் ஏறி அடிக்கும்போதும் காதில் விழும்.

அதற்கு முன்பு மீன் டப்பா அடைக்கும் ஆலையில் இருந்தாள். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. வானொலி உரிமத் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறினாள். முதல் வருடம் ஒரு படகுக்காரர், ஒரு ஆம்பளையை உட்கார வைக்கக் கூடாதா என்று சங்கத்தில் கேட்டார். மறுநாள் காற்று திரும்புவதை எல்லோருக்கும் முன்னால் அவருக்குத்தான் சொன்னாள். அதன்பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் புருஷனின் படகு எண் ஒன்பது. வானொலியில் அவனுக்குப் பெயர் கிடையாது, ஒன்பதுதான். "ஒன்பது, மத்தவங்க எல்லாம் திரும்பியாச்சு, உனக்கு மட்டும் கடல் தனியா மீன் வளக்குதா?" என்று முப்பத்தெட்டுப் படகும் கேட்கத் திட்டுவாள். வீட்டிலும் அவன் பதில் பேசுவதில்லை என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அவர்களுக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒவ்வொரு மணி அடித்ததும், அரை மணி அடித்ததும், மூன்று நிமிடம் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் காதை மட்டும் திறந்து வைக்க வேண்டும். பேச முடியாதவனுக்காக விட்ட நேரம் அது. ஒலிவாங்கி உப்பேறிச் செத்துப் போனால் குரல் போகாது. ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல் ஒரு நொடி அடங்கும். படகு எண்ணை அப்படி அழுத்திக் காட்டினால், ஆள் ஆபத்தில் இருக்கிறான் என்று பொருள். ஷிகேயோ அந்த அடங்கலை எண்ணுவாள்.

இதெல்லாம் கடலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது. வட்டார வானொலி அலுவலகத்திலிருந்து அவ்வப்போது ஒரு படிவம் வரும்: இந்த அலைவரிசையை ஒரு நாளில் எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள்? சங்கத் தலைவர் கிதாகாவா அவளிடம் கேட்டுத்தான் எழுதுவார். "நாம பேசுறது அம்பது நிமிஷம் தேறும். அதுக்கு மேல எழுதினா பொய்" என்பாள். பொதுச் சொத்தில் தேவைக்கு மேல் ஒரு துளி கேட்பது அவர்களுக்கு வெட்கம். அதனால் வருடக்கணக்காக ஐம்பது நிமிடம் என்றே போயிற்று.

அந்த ஐம்பது நிமிடம்தான் பெக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தது.

பெக்கா பின்லாந்துக்காரன். டோக்கியோவில் பதினோரு வருடமாக, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அலைவரிசை வாங்கித் தரும் ஆலோசகன். வந்த புதிதில் ஒரு விசாரணைக் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசினான். அத்தனை பேரும் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு வருடம் அவன் கோப்பு எதுவும் நகரவில்லை. கூட்டத்தில் பேசக் கூடாது, பேச வேண்டியதை முன்னாலேயே ஆள் ஆளாகப் போய்ப் பேசி முடித்துவிட வேண்டும் என்று அதில் படித்துக்கொண்டான்.

இப்போது ஒரு கம்பெனி கடல் வெப்பத்தை அளக்கும் மிதவைகளை இந்த அலைவரிசையில் இயக்க ஆசைப்பட்டது. நிமிடத்துக்கு ஒரு முறை மிதவை கூவும். சங்கத்தின் அனுமதியோடு பெக்கா கூரையில் கருவி வைத்துப் பதினான்கு நாள் அளந்தான். அறை திறந்திருக்கும் நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு காலி. சங்கத்தின் படிவமும் அதையே சொன்னது. அலைவரிசையைத் தருவதா என்று முடிவு செய்யும் விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது, இனிப்புப் பெட்டியும் சங்கம் முத்திரை குத்த வேண்டிய சம்மதக் கடிதமுமாக மாடி ஏறி வந்தான்.

கிதாகாவா நல்ல மனிதர். வீடு தேடி வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். முத்திரையை வெளியே எடுத்துவிட்டார்.

"தலைவரே, அதை உள்ள வைங்க" என்றாள் ஷிகேயோ.

பிறகு பெக்காவிடம் திரும்பி, அவன் அளந்த ஒன்பதாம் நாள் மதியம் ஒன்றரை மணியைக் காட்டச் சொன்னாள். அவன் மடிக்கணினியைத் திறந்தான். வெறுமையாக இருந்தது. கருவி குறித்ததெல்லாம் இதுதானா என்று கேட்டாள். ஒரு கோடு போட்டிருக்கிறோம், அதற்குக் கீழே வருவது வெறும் இரைச்சல், அதைக் கழித்துவிடுவோம் என்றான்.

"கழிச்சதையும் போடுங்க."

போட்டான். அடியில் இரண்டு சின்ன மேடு. ஒரு இடைவெளி. அப்புறம் நாலு மேடு. மறுபடி இரண்டு, மறுபடி நாலு. பெக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

ஷிகேயோ தன் நோட்டைப் புரட்டி அவன் முன்னால் வைத்தாள். அதே தேதி. 'ஒன்று முப்பத்தொன்று. இருபத்து நாலு. குரல் இல்லை. ஒன்பதை அனுப்பினேன். மூன்று மணிக்கு இழுத்து வந்தது.' எஞ்சின் நின்று, முனைப் பாறைப் பக்கம் அலை இழுத்துக்கொண்டு போன படகு இருபத்து நாலு.

பெக்கா திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில், "ஷிகேயோ சான், அம்பது நிமிஷம்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க?" என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அவள் முகம் சிவந்தது. "எங்க தப்புதான். பேசுறதை மட்டும் எண்ணினோம். கேக்குறதை எண்ணல." நோட்டை மூடினாள். "இருபத்து நாலு இப்ப கீழ சூரை மீன் வெட்டிக்கிட்டு இருக்காரு. போய்ப் பாத்துட்டு வாங்க, நீங்க கழிச்ச இரைச்சல் எப்படி இருக்குன்னு."

போனான். அந்த மனிதர் வைக்கோல் தீயில் வாட்டிய சூரையில் ஒரு துண்டு நறுக்கி, உப்பும் பூண்டும் வைத்து நீட்டினார். பெக்கா நின்றபடியே தின்றுவிட்டு மேலே வந்து, சம்மதக் கடிதத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அடுத்த பத்து நாளும் அவனுக்கு வேலை சரியாக இருந்தது. அந்தக் கோட்டை எடுத்துவிட்டுக் கணக்கை முதலிலிருந்து போட்டான். காலி என்று தானே நம்ப வைத்த ஒவ்வொரு அதிகாரியின் மேசைக்கும் போய், தவறு என்னுடையது என்று குனிந்து சொன்னான். கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் கத்தினார்கள். வேறொரு அலைவரிசைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தான். நாலு மாதம் தாமதம். விசாரணை பதினோரு நிமிடத்தில் முடிந்தது. யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பின்வரிசையில் இருந்த கிதாகாவாவுக்கு, ஜெயித்தது ரயிலில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

அடுத்த வசந்தத்தில் படிவம் மறுபடி வந்தது. கிதாகாவா பேனாவோடு மாடிக்கு வந்தார். அறை அதிகாலை நாலு மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"பதிமூணு மணி நேரம்னு போடுங்க" என்றாள்.

"பெருமையடிக்கிற மாதிரி இருக்காதா?"

"இருந்தா இருக்கட்டும், தலைவரே. இருபத்து நாலு வீட்ல உக்காந்து சோறு திங்கிறாரு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடிகாரம் பத்தரையைத் தொட்டது. ஷிகேயோ கையை உயர்த்தினாள். கிதாகாவா வாயை மூடிக்கொண்டு, பேனாவைத் தூக்கியபடியே மூன்று நிமிடம் நின்றார். இரைச்சல் ஒரே சீராக ஓடிற்று, எங்கும் அடங்கவில்லை. அவள் கையை இறக்கினாள்.

கிதாகாவா குனிந்து, பதின்மூன்று என்று பெரிய எழுத்தில் எழுதி, அழுத்தமாக முத்திரை குத்தினார்.