விளக்கின் பக்கத்தில் வைத்த மருந்து

அன்று என் மகளின் தொடையில் நான் ஏற்றிய மருந்துக்கு உயிர் இருந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கேட்டேன், டிரெசரைக் கேட்டேன், பக்கத்து வீட்டு அம்மாளைக் கேட்டேன். மூவரும் மூன்று பதில் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் நம்பிப் பார்த்தேன்.

நாங்கள் காஜா பெராங்கில், செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவர் பொதுப்பணி இலாகாவில் கிராணி, குமாஸ்தா வேலை. மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் அடைந்ததற்கு அடுத்த மாதம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கி வந்தபோது தெருவில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே பிள்ளை.

அவளுக்கு மூன்று வயது நிரம்பிய சமயம், தெங்கேராவில் என் கணவரின் நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். யாரோ அவள் கையில் ஓர் இறால் வடையைக் கொடுத்தார்கள். பாதி தின்றிருப்பாள். முதலில் உதடு தடித்தது. பிறகு கண்ணிமைகள். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, மூச்சு விசில் மாதிரி வர ஆரம்பித்துவிட்டது. நண்பர் மோட்டார் வைத்திருந்ததால் பிழைத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் ஊசி போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் பிள்ளையின் முகம் அவள் முகமாகத் திரும்பியது.

அவள் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "அம்மா, அந்த ஆளு போயிட்டாரா?"

"எந்த ஆளு?"

"என் கழுத்தைப் புடிச்சிக்கிட்டு இருந்தாரே."

அறையில் டாக்டரும் நானும்தான் இருந்தோம். டாக்டர் வேறு பக்கம் திரும்பிக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை இதைவிட வேகமாக வரலாம், ஆஸ்பத்திரி வரும்வரை அது காத்திருக்காது என்று அவர் சொன்னார். சீமையில் இப்படிப்பட்டவர்கள் தோல் பை ஒன்றில் ஊசியும் மருந்தும் தயாராக வைத்துக்கொள்கிறார்களாம். சிங்கப்பூர் கம்பெனி மூலம் வரவழைக்கலாம் என்று விலையை ஒரு தாளில் எழுதித் தந்தார். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளி வராந்தாவில் எங்கள் முகத்தைப் பார்த்த, அங்கே காயம் கட்டி ஊசி போடும் டிரெசர்தான் பின்னாலேயே வந்தார்.

"அதெல்லாம் தொரைமாருக்கு, தங்கச்சி. உள்ள இருக்கிற மருந்து ஒன்னுதானே. டாக்டரைக் கேட்டுட்டு நானே ஒன்னு செஞ்சு தர்றேன்."

இரண்டு நாளில் செய்து தந்தார். பழைய இருமல் மிட்டாய் டின். அதற்குள் கண்ணாடி ஊசிக்குழல் ஒன்று, இரண்டு ஊசிகள், குப்பியின் கழுத்தை அறுக்க ஒரு சின்ன அரம். பஞ்சில் பொதிந்து இரண்டு மருந்துக் குப்பிகள். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று டாக்டர் தன் கையாலேயே எழுதிய சீட்டு மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தது.

"சீன ஆரஞ்சு வாங்கி, தண்ணிய ஏத்திக் குத்திப் பழகுங்க. தோலும் சதையும் ஏறக்கொறைய ஒன்னுதான்."

"எனக்குக் கை நடுங்குமே, அண்ணே."

"பழம் கத்தாது. புள்ள கத்தும். கத்துனா சந்தோஷப்படுங்க, மூச்சு இருக்குன்னு அர்த்தம்."

ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஓட்டை விழுந்த ஆரஞ்சுகளைத்தான் சாப்பிட்டோம். ஒவ்வொன்றையும் உரிப்பதற்கு முன் என் கணவர், "இது பொழைச்ச கேஸா, செத்த கேஸா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

டிரெசர் சொன்னதையெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல் எழுதி வைத்தேன். சுத்தமான இடம். பிள்ளை கைக்கு எட்டக் கூடாது. வெயில் படக் கூடாது. ஊசியை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட வேண்டும். மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் பொருந்திய இடம் ஒன்றே ஒன்று. சுவரில் அடித்த சாமி மேடை. வெயில் அங்கே எட்டிப் பார்க்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் ஒரு வேண்டுதல் செய்திருந்தேன்: மகளுக்கு ஐந்து வயது முடியும்வரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. அந்த விளக்குக்குப் பின்னால், படத்துக்கும் விளக்குக்கும் நடுவே, டின்னை வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் ஊசிக்குழலையும் ஊசிகளையும் மட்டும் எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்ப வைப்பேன். குப்பிகள் உடைந்துவிடுமோ என்று பஞ்சைப் பிரிக்கவே மாட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. மகள் பகலில் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தூங்கியபடியே சில சமயம் அவள் கழுத்தைத் தடவிக்கொள்வாள், அங்கே ஏதோ இருப்பதுபோல. நான் எட்டி டின்னைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஏன் டின் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று படித்த பெண்ணான எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி. நம் சாமிகளையே கும்பிடுகிறவர், பேச்சு மட்டும் மலாய். பீபி என்று நாங்கள் கூப்பிடுவோம். பொங்கலுக்கு முந்தின நாள் அவர்கள் தங்கள் முன்னோருக்கு வாழை இலையில் படைப்பார்கள். பர்ச்சு என்பார்கள். பீபி வீட்டில் படைத்து முடித்ததும் சற்று நேரம் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள், வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று.

இந்த வருடம் அந்த நாளன்று பிற்பகல் மகளைக் காணவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வேலிப்பக்கம் போனேன். பீபியும் அவர் வீட்டுக்காரரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பீபி வாயில் விரல் வைத்தார்.

"டியாம், அடேக். சத்தம் போடாத, தங்கச்சி. உள்ள சாப்பிடுறாங்க," என்று மலாயில் கிசுகிசுத்தார்.

"பாப்பா இங்க வந்தாளா?"

"இல்லையே. நாங்க இங்கதானே இருக்கோம்."

சாத்திய கதவுக்குப் பின்னால் இலை சரசரக்கும் சத்தம் கேட்டது. பீபியின் முகம் வெளுத்தது. அவர் என்ன நினைத்தாரோ, எனக்கு ஒரே நினைப்புத்தான். தடுத்த அவர் கையைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

சாம்பிராணிப் புகை கலையாமல் நின்றது. இலைகள் வரிசையாக விரிந்திருந்தன. கடைசி இலைக்கு முன்னால் என் மகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கை நிறைய இறால் சம்பல். பின்கதவு வழியாக வந்திருக்கிறாள்.

"யாரும்மா ஒன்ன சாப்பிடச் சொன்னது?"

"அவங்கதான்," என்றாள், எதிரே யாரும் இல்லாத பாயைப் பார்த்து. "சாப்புடு சாப்புடுன்னாங்க. பெரியவங்க குடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

அதற்குள் அவள் உதடு தடித்துவிட்டது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். பீபி பின்னாலேயே வந்தார். அவர் வீட்டுக்காரர் பேச்சா ரிக்ஷா பிடிக்க ரோட்டுக்கு ஓடினார். டின்னை எடுத்தபோது விரலைச் சுட்டது. பஞ்சைப் பிரித்தேன். இரண்டு குப்பிகளும் ஆறிப்போன தேநீர் நிறத்தில் இருந்தன.

தெளிவாக இருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை. கெட்ட மருந்து அவளைக் கொன்றுவிடுமா, போடாவிட்டால் இந்த மூச்சு கொன்றுவிடுமா? விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மகள் என் தோளுக்கு மேலாகக் கதவைப் பார்த்தாள்.

"அந்த ஆளு வந்துட்டாரும்மா," என்றாள். பயமில்லாமல் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"சூச்சோக், அடேக்! குத்து!" என்று பீபி கத்தினார். ஒரு கையால் அவள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்து, சின்னப் பிள்ளை, தெரியாமல் தொட்டுவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று தன் பெரியவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

குத்தினேன். அவள் கத்தவில்லை.

பிறகு அந்த விசில் சத்தம் நின்றது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பீபியும் வாயை மூடிக்கொண்டார். நான் அவள் மார்பில் காதை வைத்தேன். என் இதயம் அடிக்கிற அடியில் அவளுடையது கேட்கவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. திடீரென்று அவள் இருமி, என் புடவையெல்லாம் வாந்தி எடுத்து, வீறிட்டு அழுதாள். டிரெசர் சொன்னபடி நான் சந்தோஷப்பட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தடிப்புகள் பாதி அடங்கியிருந்தன. டாக்டர் புது ஊசி போட்டார். காலிக் குப்பியைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சூட்டில் இது எப்போதோ செத்துப்போன மருந்து. வாந்தி எடுத்ததால் தப்பித்திருக்கிறாள், அவ்வளவுதான். இனி நிறம் மாறினால் உடனே மாற்றுங்கள்," என்றார். டிரெசர் வெளியே வந்து, "கொஞ்சம் உயிர் இருந்திருக்கும், தங்கச்சி. கொஞ்சமே போதும் சில நேரம்," என்றார். நான் டின்னை எங்கே வைத்திருந்தேன் என்று சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பீபி சொன்ன பதில்தான் இன்னும் என்னைத் துரத்துகிறது. "எங்க பெரியவங்க அவளைக் கூப்பிட்டாங்க. அப்புறம் திருப்பி அனுப்பிட்டாங்க. நல்லவங்க அவங்க."

விளக்கு இன்னும் எரிகிறது. வேண்டுதல் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன, அணைக்க எனக்குத் துணிவில்லை. புதுக் குப்பிகளைக் கறுப்புத் துணியில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் மண் சட்டியில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்து நிறத்தைப் பார்க்கிறேன். "பாத்துப் பாத்தே நீ அதைக் கெடுத்துடுவே," என்கிறார் என் கணவர். அவர் சொல்வதும் சரிதானோ என்று அதற்கும் பயப்படுகிறேன்.

பாலர் பள்ளியில் சேர்க்கும் வயதும் நெருங்குகிறது. முன்கூட்டியே போய் ஆசிரியையைப் பார்த்தேன். நல்ல பெண், என்னைவிட இளையவள். டின்னைத் திறந்து காட்டியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "இதை நான் தொடமாட்டேங்க. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பெரியவர்கள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே என்று வளர்த்த பிள்ளையிடம், இனி யார் கொடுத்தாலும் வாங்காதே என்று தினமும் சொல்கிறேன். அவள் தலையாட்டுகிறாள். பிறகு, "கண்ணுக்குத் தெரியாதவங்க குடுத்தா?" என்று கேட்கிறாள். ஓர் இறால் உன்னைக் கொன்றுவிடும் என்று அவளிடம் சொல்லிவிடலாமா என்று பல தடவை வாயெடுத்திருக்கிறேன். சொன்னால், நான் இருக்கிற பயத்தில் அவளும் இருப்பாள். சொல்லாவிட்டால், சிரித்த முகத்தோடு நீட்டுகிற கை எதையும் அவள் மறுக்கமாட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் பிள்ளையைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு எப்படித் திரும்பி நடந்தீர்கள்? மருந்தை யார் கையில் கொடுத்தீர்கள், அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? பிள்ளையிடம் எந்த வயதில், எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். பள்ளி திறக்க அதிக மாதங்கள் இல்லை.