தூக்கிப் போடுவது சீட்டிங்கா?

என் தங்கை ராயபுரத்தில் வீட்டின் முன் அறையில் வீடியோ கேம் கடை வைத்திருந்தாள். ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருஷம் கழிந்த நேரம். ஒரு டிவி, ஒரு கேம் பெட்டி, ரெண்டு ஸ்டிக், ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கடை. அவள் புருஷன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அவர் அனுப்புவது வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் கடைதான் அவளுக்குச் சோறு போட்டது.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று கை காட்டுவதுதான் வேலை. அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. எனக்கு அது வசதியாக இருந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில்கூட ஒரு விரலைக் காட்டித்தான் டீ வாங்குவேன்.

தங்கைக்குக் குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. என் மனைவி அவளை ஆட்டோவில் ஏற்றினாள். ஏறும்போதே தங்கை சாவியை என் கையில் திணித்தாள்.

"அண்ணா, கடைய மட்டும் மூடிறாத. ஸ்டேஷனாண்ட புதுசா ஒருத்தன் தொறந்துகீறான். நம்ம பசங்க ஒரு வாட்டி அங்க போனானுங்கன்னா திரும்ப மாட்டானுங்க."

"எனக்கு இன்னாம்மா தெரியும் அதப்பத்தி?"

"தெரிய வாணாம். தோத்தவன் எழுந்துக்கணும், ஜெயிச்சவன் ஒக்காரணும். சண்ட வந்தா கடைக்காரங்க சொல்றதுதான் தீர்ப்பு. வாயத் தொறந்து சொல்லு, அவ்ளோதான்."

ஆட்டோ கிளம்பிவிட்டது. அவள் சொன்னதில் மற்றதெல்லாம் எனக்குச் சுலபம். வாயைத் திறப்பதுதான் கஷ்டம்.

காலை ஷிப்ட் முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து வந்து கடையைத் திறப்பேன். மூன்று மணிக்குள் பெஞ்சு நிரம்பிவிடும். ஐஸ் கம்பெனியில் வேலை செய்பவன், ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், போட்டில் போகிறவர்கள், மெக்கானிக் கடை ஆட்கள். எல்லாரும் இருபதைத் தாண்டியவர்கள். ஆடியது ஒரே ஆட்டம்தான்: திரையில் ரெண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வது. அவர்கள் பேசிய எதுவும் எனக்கு விளங்கவில்லை. "பிளாக்கப் போடுடா," "காம்போ வுட்டுட்டான்," "கார்னர்ல மாட்டினான்" என்று கத்துவார்கள். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை ஆட்டுவேன். தெரிந்தவன் ஆட்டுகிற மாதிரியே ஆட்டுவேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சண்டை வந்தது. ஆட்டோக்காரன் வெகுநேரமாக ஜெயித்துக்கொண்டே இருந்தான். அவன் ஆட்டமே தடுப்பதுதான். எதிராளி அடித்து அடித்துச் சலித்த பிறகு ஒரு அடி கொடுப்பான், மறுபடி தடுப்பான். அன்று ஐஸ் கம்பெனிக்காரன் உட்கார்ந்தான். அடிக்கவே இல்லை. நேரே கிட்டே போனான், ஆட்டோக்காரனின் ஆளைப் பிடித்துத் தூக்கித் தரையில் போட்டான். எழுந்ததும் மறுபடி போட்டான். ஆட்டம் முடிந்தது.

"இது சீட்டிங்குடா! தடுத்துக்கினு கீறவன எப்பிட்றா தூக்குவ?" ஆட்டோக்காரன் ஸ்டிக்கை விடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"ஸ்டிக்குல கீது, போட்டேன். தோத்தல்ல, எழுந்துரு."

"த்ரோ போட்டு ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பா? எழுந்துக்க மாட்டேன். நைனா, நீ சொல்லு!"

பெஞ்சில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"சொல்லு நைனா. சீட்டிங்கா இல்லியா?"

"அக்கா இருந்தா இந்நேரம் சொல்லிருக்கும்!"

ஸ்டூலை விட்டு எழுந்தேன். கதவுக்குப் பின்னால் மீட்டர் இருந்தது. கை தானாகப் போய் பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டது. டிவி அணைந்தது.

"கரன்டு போச்சு," என்றேன். அன்று நான் பேசிய முதல் வார்த்தை அது.

பக்கத்து வீட்டு டிவியில் சீரியலில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தது நன்றாகக் கேட்டது. எதிர் வீட்டு பேன் சுற்றியதும் தெரிந்தது. மெக்கானிக் ஒருவன் என் கையைப் பார்த்தான். பீஸ் கட்டை கையிலேயே இருந்தது.

அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆட்டோக்காரன் எழுந்து, "வாங்கடா, ஸ்டேஷனாண்ட போலாம். இங்க கேக்கறதுக்கு ஆள் இல்ல," என்றான். எல்லாரும் அவன் பின்னால் போனார்கள்.

மறுநாள் கடை திறந்து வெகுநேரம் ஆகியும் ஒருவனும் வரவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனால் தங்கை முதலில் கடையைத்தான் கேட்பாள். வலி வந்த அன்று ராத்திரியே பெண் குழந்தை பிறந்தது, ரெண்டு பேரும் நலம் என்று மனைவி பூத்திலிருந்து யார்டுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். குழந்தையோடு அவள் வந்து நிற்கும்போது இந்தப் பெஞ்சு இப்படிக் காலியாகக் கிடந்தால்? அதை நினைத்துக்கொண்டே டிவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஐஸ் கம்பெனிக்காரன் வாசலில் நின்றான்.

"செருப்ப மாத்திப் போட்டுகினு பூட்டேன் நைனா. இது எவன்துன்னு தெரில, காலக் கடிக்குது."

அவன் செருப்பு வாசல் ஓரமாகத்தான் கிடந்தது. போட்டுக்கொண்டு திரும்பினான். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு ஆள்தானே எதிரில் இருக்கிறான்.

"அது... எப்பிடி ஆடறதுன்னு சொல்லிக்குடுப்பியா?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீயா?"

"நாந்தான்."

உட்கார்ந்தான். முதல் ஆட்டத்தில் எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். என் ஆள் காற்றில் கையையும் காலையும் வீசிக்கொண்டே செத்தான்.

"நைனா, பிரியாணி தேக்சாவுல கைய வுட்ட மாதிரி கிண்டாத. மொதல்ல ஸ்டிக்க பின்னாடி இஸ்து வெச்சுக்க. அதான் பிளாக்கு. எவ்ளோ அடிச்சாலும் ஏறாது."

இழுத்துப் பிடித்தேன். அவன் என் ஆளின் காலில் உதைத்தான். ஏறியது.

"ஏறிச்சே?"

"கால்ல அடிச்சா குந்திகினு தடுக்கணும். எகிறி வந்து அடிச்சா நின்னுகினு தடுக்கணும். எங்க அடிக்கிறான்னு பாத்துதான் தடுக்கணும்."

இது எனக்குப் பிடித்திருந்தது. மேலே, கீழே என்பது என் வேலை. யார்டில் விரலை மேலே சுற்றினால் தூக்கு. அதற்கு வாயால் சொல்வது ஹபேஸ். உள்ளங்கையைக் கீழே அசைத்தால் இறக்கு. அது ஆரியா. முஷ்டியைத் தூக்கிப் பிடித்தால் நிறுத்து. எந்த நாட்டு வார்த்தைகளோ தெரியாது, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னதை நாங்களும் சொல்வோம்.

பிறகு அவன் வேண்டுமென்றே என் ஆளுக்கு எட்டாத இடத்தில் நின்றான். நான் பெரிய உதை ஒன்று விட்டேன். காற்றில் போனது. கால் திரும்பி வருவதற்குள் உள்ளே வந்து என்னை அடித்தான்.

"காத்துல அடிச்சா இதான். உன் காலு திரும்பி வர்ற வரிக்கும் உன்னால ஒண்ணியும் பண்ண முடியாது. நா சும்மா நிப்பனா?"

தொங்கும் பெட்டி ஒரு பக்கம் ஆடினால் அது போய்த் திரும்பும் வரை ஆண்டவனே வந்தாலும் நிறுத்த முடியாது. அந்தப் பக்கம் ஆடும்போதுதான் இந்தப் பக்கம் ஆள் உள்ளே போக வேண்டும். இருபது வருஷமாக நான் பார்த்ததுதான் அது. முதல் தடவையாக அந்தத் திரையில் எனக்குப் புரிந்த ஏதோ ஒன்று நடந்தது.

காம்போ என்றால் சரமாரியாக அடிப்பது என்று நினைத்திருந்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "மொத அடி மாட்டிச்சின்னா அடுத்தது தப்பிக்க முடியாம மாட்டணும். நடுவுல அவன் தடுத்துட்டான்னா அது காம்போ இல்ல, சும்மா அடி."

கடைசியாகக் கேட்டேன். "அப்ப தூக்கிப் போடறது சீட்டிங்கா?"

"நா சொன்னா எவன் ஒத்துப்பான்? போட்டவனே நாந்தான. நீதான் சொல்லணும். நீயே பாரு. பிளாக்கப் போட்டு ஒக்காரு."

ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து உட்கார்ந்தேன். மேலே அடித்தான், கீழே அடித்தான். நான் பார்த்துப் பார்த்துத் தடுத்தேன். ஒன்றும் ஏறவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படியே இருந்தால் என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவன் ஸ்டிக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டான்.

"இப்பிடியே ஒக்காந்தா நாளிக்கு வரிக்கும் ஒக்காந்துகினு இருக்கலாம். இதுக்குப் பேரு ஆட்டமா?"

பிறகு ஸ்டிக்கை எடுத்தான், கிட்டே வந்தான், என் ஆளைத் தூக்கிப் போட்டான். எனக்கு விளங்கிவிட்டது. அடியைத் தடுப்பு நிறுத்தும். தடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவனைப் பிடித்துத் தூக்கலாம். தூக்க வருகிறவனை அடிக்கலாம். இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் ஆட்டமே நின்றுபோகும்.

"இதுலேந்து தப்பிக்க வழியே இல்லியா?"

"கீதே. கை மேல படற நேரத்துல தூக்கறவன் அமுக்கற அதே ரெண்டு பொத்தான நீயும் அமுக்கணும். ஒதறிகினு வந்துருவ. அது ஆட்டோக்காரனுக்குத் தெரியாது. நா ஏன் சொல்லப் போறேன்?"

மறுநாள் அவர்களை அவன்தான் கூட்டி வந்தான். "நைனா தீர்ப்பு சொல்லப்போறாரு, வாங்கடா" என்று ஸ்டேஷன் பக்கம் போய்ச் சொல்லியிருக்கிறான். தீர்ப்புக்காக வந்தார்களோ வேடிக்கை பார்க்க வந்தார்களோ, பெஞ்சு நிறைந்து வாசலிலும் நின்றார்கள்.

"இன்னா நைனா, பீஸ் கட்ட பத்திரமா கீதா?" என்றான் ஆட்டோக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மெக்கானிக், "சவுண்டு வரலடா, பீஸ் பூட்ச்சி" என்றான்.

ரெண்டு பேரையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். உட்கார்ந்தார்கள். விரலைச் சுற்றினேன்: ஆடுங்கள்.

ஐஸ் கம்பெனிக்காரன் மேலே அடிக்க வரும்போது விரலை மேலே தூக்கினேன். கீழே உதைக்க வரும்போது உள்ளங்கையைக் கீழே அசைத்தேன். கிரேனின் கீழே நிற்கும்போது என் கை நடுங்கியதே இல்லை. இங்கேயும் நடுங்கவில்லை. ஆட்டோக்காரன் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். பிறகு அவன் தூக்கப்பட்டான். கொக்கி மாட்டுவது போல ரெண்டு கையையும் கோத்துக் காட்டி, உடனே வெடுக்கென்று பிரித்தேன். அவனுக்குப் புரியவில்லை. நான் குனிந்து அவன் ஸ்டிக்கில் அந்த ரெண்டு பொத்தானையும் தொட்டேன்.

"இத்த அமுக்கு," என்றேன். குரல் வந்துவிட்டது. "அவன் கை படறப்ப."

"அய்யோ நைனா!" என்றான் ஐஸ் கம்பெனிக்காரன். "ரகசியத்த ஒடச்சிட்டியே!"

அடுத்த தடவை ஆட்டோக்காரன் அவசரப்பட்டு முன்னாலேயே அமுக்கினான். தூக்கப்பட்டான். பிறகு தாமதமாக அமுக்கினான். மறுபடியும் தரை. நான் கையைக் கோத்தபடியே காத்திருந்தேன், ஐஸ் கம்பெனிக்காரன் கிட்டே வந்ததும் பிரித்தேன். திரையில் ஆட்டோக்காரனின் ஆள் உதறிக்கொண்டு பின்னால் குதித்தான். கடையே கத்தியது. தெருவில் போன மீன்கூடைக்காரம்மா நின்று எட்டிப் பார்த்தாள்.

"தப்பிக்க வழி கீது," என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி. "அதனால சீட்டிங் கெடையாது."

அந்த ஆட்டத்திலும் ஆட்டோக்காரன்தான் தோற்றான். கடைசி அடி விழுந்ததும் ஒரு நொடி ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். பிறகு ஸ்டிக்கை அடுத்தவன் மடியில் போட்டுவிட்டு எழுந்தான்.

"ஒக்காருடா. கடக்காரர் சொல்லிட்டாரு."

அதன் பிறகு என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. கையைத்தான் பார்த்தார்கள். முஷ்டியைத் தூக்கினால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். ரெண்டு மூன்று நாளில் அவர்களும் கை காட்டத் தொடங்கினார்கள். காலில் உதை வருகிறது என்றால் பெஞ்சு முழுக்க "ஆரியா! ஆரியா!" என்று கத்தி உள்ளங்கையைக் கீழே அசைக்கும். கொஞ்ச நாளில் ஸ்டேஷன் பக்கத்துக் கடையிலிருந்தும் ரெண்டு பேர் வந்து ஓரமாக நின்றார்கள்.

தங்கை குழந்தையோடு வந்து இறங்கிய மதியம் வாசலில் கால் வைக்க இடமில்லை. உள்ளே பத்துக் கை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணா இது? கட வெச்சுட்டுப் போனா ஹார்பர் ஆக்கி வெச்சுகீற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்வதற்குள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். அது தூக்கத்தில் முகத்தைச் சுளித்து, துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே இழுத்து, முஷ்டியை மேலே தூக்கிப் பிடித்தது.

ஐஸ் கம்பெனிக்காரன்தான் முதலில் பார்த்தான். ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

"டேய், நிறுத்துங்கடா. பாப்பா ஸ்டாப்பு காட்டிச்சி."

எல்லாரும் நிறுத்தினார்கள்.